ஏழாவது வரிசையில் அரக்கு

ஒத்திகையில், மூன்றாவது காட்சியில் நீரஜாவைக் காணவில்லை. விளக்கு வந்தது, கடல்திரை வந்தது, மிருதங்கம் வந்தது, ஆள் மட்டும் இல்லை என்றார்கள். "நீரஜா, உள்ள வரலையா நீ?" என்று குமுதவல்லி மைக்கில் கத்தினாள். நாட்டிய நாடகம் அவளுடையது. கதை, அடவு, நட்டுவாங்கம், கத்தல் எல்லாம் அவள். "இங்கதான் அக்கா நிக்கறேன், வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்று மேடையிலிருந்து குரல். சிரித்தார்கள். பாட்டுக்காரி, "முகமும் ரெண்டு கையும் தனியா மெதக்குதுடி, பேய்ப் படம் மாதிரி" என்றாள். மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. ஏழாவது வரிசையில், நடைபாதையை ஒட்டி, என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அரங்கமும் ஆடையும் நான். கனகசபை. நாற்பத்தாறு வருஷமாக நான். திரை நான் வரைந்தது, சேலை நான் சொன்னது. காணவில்லை என்றால் என்னைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் என்ன உளறுகிறார்கள்? எனக்கு நீரஜா தெரிகிறாளே. நன்றாகத் தெரிகிறாள். கறுத்த கடலுக்கு முன்னால், அடுப்பில் அணையாமல் கிடக்கிற கங்கு மாதிரி, அரக்குச் சேலையில், வலது கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு, போன படகைப் பார்த்தபடி நிற்கிறாள். விசிறி மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. நான் நினைத்தது நினைத்தபடி. இதைப் பார்த்துவிட்டு ஆளைக் காணோம் என்று ஒரு கூட்டமே சொல்கிறது. விளையாடுகிறார்களா. மணி மூன்று இருபது. ஆறரைக்குத் திரை தூக்க வேண்டும். விளையாடுகிற நேரமா இது.

"சித்திக், என்ன லைட்டு போட்டிருக்க?" என்று திரும்பிக் கத்தினேன். மேலே விளக்குப் பெட்டியடியிலிருந்து, "நீங்க எழுதிக் குடுத்ததுதான் ஐயா. வெள்ளையில கால்வாசி நீலம். நிலா" என்றான். ஏற்று என்றேன். ஏற்றினான். குமுதவல்லி, "சார், இப்பக் கடல் நல்லாத் தெரியுது. பொண்ணு தெரியல" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசினதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதை கொடுக்கிற குரல். எழுந்தேன். முட்டி சத்தம் போட்டது. பக்கப் படி ஏறி, நீரஜாவைத் தாண்டி, திரையின் வலது ஓரத்துக்குப் போனேன். துணித்துண்டு அங்கே இருக்கும். எந்த நாடகமானாலும் இது உண்டு. சேலைக்கு வெட்டின துணியில் நாலு விரல் அகலம் கிழித்து, திரையில் ஆள் உயரத்தில் ஊக்கால் குத்திவிட்டு, அன்றைக்குப் போடப்போகிற விளக்கைப் போடச் சொல்லி, ஏழாவது வரிசையில் போய் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பேன். பாதி மூடினால் பூவேலை, கரை, தையல் எல்லாம் போய்விடும். நிறம் மட்டும் நிற்கும். நின்றால் சரி. ஒட்டிக்கொண்டால் திரையோ துணியோ ஒன்று போக வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மேடையில் குத்திப் பார்த்தேன். நின்றது. காயம் மாதிரி நின்றது. இதோ, இன்னும் இருக்கிறது, சிவந்து. சித்திக்கை இறங்கி வரச் சொன்னேன். வந்தான். "இது என்ன நிறம்?" "எது ஐயா?" "குத்தியிருக்கேனே, துண்டு." அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். கையால் தடவினான். இங்கே தடவினான், அங்கே தடவினான். என் கண்ணுக்கு அரை அடி தள்ளிச் சிவப்பாய் இருக்கிறதை விட்டுவிட்டு வெறும் திரையைத் தடவிக்கொண்டிருந்தான். கடைசியில் ஊக்கு விரலில் தட்டியது. "ஓ, இதா? ஊக்கு தட்டினதாலதான் தெரியுது" என்றான். நிறம் என்னடா என்றேன். "கத்திரிப்பூ ஐயா. நல்லா இருட்டின கத்திரிப்பூ." நீரஜாவைப் பார்த்தேன். தன் முந்தானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமா சார், கத்திரிப்பூதானே?" என்றாள். என்னிடமே கேட்கிறாள். நீங்கள் கொடுத்ததுதானே என்கிற மாதிரி. திரை என்ன நிறம் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீலம்" என்றான் சித்திக், மெதுவாக. நீலமா. நான் வரைந்தது கறுப்பு. கொஞ்சம் பச்சை ஓடுகிற கறுப்பு. பாசி பிடித்த கல் மாதிரி. நீலம் என்கிறான்.

உட்கார வேண்டும் போல் இருந்தது. மிருதங்கக்காரர் மேடையோரம் முக்காலி போட்டிருந்தார், அதில் உட்கார்ந்தேன். கத்திரிப்பூ. சரி. போன மாசம் மகள் வீட்டில் கத்திரிக்காய் வதக்கல். என்னம்மா, பழசாப் போன கத்திரிக்காயா, தவிட்டு நிறத்தில இருக்கு என்றேன். இன்னைக்கு வாங்கினதுப்பா, பளபளன்னு இருக்கு என்றாள். சண்டைக்கு வராதே என்றேன். அதற்கு முன்னால் பால். பாலில் மஞ்சள் தூள் போட்டாயா என்று கேட்டேன். அதற்கு முன்னால் வேட்டி. வெள்ளை வேட்டி பழுப்பாய் வருகிறதென்று சலவைக்காரனை மாற்றினேன். மூன்று சலவைக்காரன். குளியலறை விளக்கு இரண்டு தடவை மாற்றினேன், இந்தக் காலத்து விளக்கு எல்லாம் மங்கல் என்று கடைக்காரனிடம் கத்தினேன், அவன் சிரித்தான். எல்லாரும் சிரிக்கிறார்கள். கண் டாக்டர் சொன்னான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், புரை முத்துது பெரியவரே, எடுத்துடலாம் என்று. எழுத்து தெரிகிறது, பஸ் நம்பர் தெரிகிறது, ஊசியில் நூல் கோக்கிறேன், என்னத்தை எடுப்பது என்று எழுந்து வந்துவிட்டேன். புரை என்றால் மங்கும் என்றுதான் நினைத்தேன். பனி மாதிரி. எனக்குப் பனி இல்லையே. எல்லாம் கூர்மையாகத்தான் இருக்கிறது. நிறத்தை மட்டும் திருடும் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. திருடினாலும் பரவாயில்லை, திருடின இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டுப் போகிறது. அரக்கு என்று ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதை நான் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏழாவது வரிசையில், கண்ணைப் பாதி மூடி.

அப்புறம் அந்த நீலம். இது இப்போதுதான் தோன்றியது. ஆறு வருஷமாகப் பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். கனகசபையின் நீலம் என்று. முதுமையில் அவர் எட்டியிருக்கும் துணிச்சலான நீலம், மேடை முழுக்கத் ததும்பும் நீலம் என்று. ஒரு விழாவில் சால்வை போட்டு அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். நான் மேடையில் உட்கார்ந்துகொண்டு, முட்டாப் பசங்க, நான் எங்கேடா நீலம் போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. பாராட்டும்போது யார் திருத்துவார்கள். காட்டுத் திரையில் நீலம் என்றார்கள், அது பச்சை. அந்தப்புரத் தூணில் நீலம் என்றார்கள், அது சாம்பல். எனக்குப் பச்சை. எனக்குச் சாம்பல். குறைகிற மாதிரித் தெரிந்ததால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீலத்தைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆறு வருஷம். ஆறு வருஷத்தில் எத்தனை நாடகம்? பதினேழா, பதினெட்டா. எதில் யார் காணாமல் போனார்கள்? கேட்கவும் முடியாது. ஒப்பனைக்காரர் ஏகாம்பரம் ஒற்றைக் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிக்கொண்டு, "யோவ் கனகு, இந்தக் கண்ணுக்கு ஒரு உலகம், அந்தக் கண்ணுக்கு ஒரு உலகம்யா. இத்தனை நாள் எல்லா மூஞ்சிக்கும் அழுகின எலுமிச்சம்பழம் பூசியிருக்கேன்யா" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நிறுத்தவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்ததோ என்னவோ. அதனால்தான் டாக்டரிடம் திரும்பிப் போகவில்லையோ. இல்லை. நேரமில்லை, அதனால் போகவில்லை. பொய். எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும், அதனால் போகவில்லை.

"சார்" என்று குமுதவல்லி பக்கத்தில் வந்து நின்றாள். கத்தவில்லை. அது இன்னும் மோசம். "பத்தொன்பது நிமிஷம் சார். அவ தனியா நிக்கற பத்தொன்பது நிமிஷம். நாடகமே அதுதான். என்ன பண்ணலாம்?" என்றாள். கறுப்புத் திரை கட்டலாமா என்றாள். கட்டினால் கடல் போய்விடும், கடல் இல்லாமல் அவள் எதைப் பார்த்து நிற்பாள். விளக்கை மஞ்சளாக்கலாமா என்றாள். ஆக்கினால் பகல். பகலில் படகு தெரியுமே, தெரியாமல் போனதுதானே கதை. இரண்டாம் காட்சி வெள்ளைச் சேலையையே கட்டிக்கட்டுமா என்று நீரஜா கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லுமுன் குமுதவல்லியே, "பைத்தியமா நீ? ராத்திரி கடற்கரையில தனியா வெள்ளையில நின்னா, புருஷன் செத்துட்டான்னு மூணாம் காட்சியிலேயே ஜனங்க முடிவு பண்ணிடுவாங்க. அவன் இருக்கானா இல்லையான்னு அவளுக்கே தெரியக்கூடாது" என்றாள். சரியாகச் சொன்னாள். அதற்காகத்தான் அரக்கு. கல்யாணத்துக்கும் ஆகும், பழகின வீட்டுக்கும் ஆகும், இருட்டில் இரத்தம் மாதிரியும் தெரியும். யோசித்து யோசித்து எடுத்த அரக்கு. வேறு சேலை சுற்றிவிடவும் முடியாது. ஆட்டக்காரி உடுப்பு தைத்தது, காலுக்குக் கால்சட்டை மாதிரி, விசிறி தனி, முந்தானை தனி, இடுப்பு அளவு பிசகினால் உட்கார முடியாது. மூன்று மணி நேரத்தில் எவன் தைப்பான். "லைட்டுல ஏதாவது கோளாறா சார்?" என்று குமுதவல்லி கேட்டாள். கேட்டுவிட்டுச் சித்திக் பக்கம் பார்த்தாள். தப்பிக்க ஒரு கதவு திறந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விளக்கு புதுசு, எல்.இ.டி., நிறத்தைக் கொல்லுது, நான் அப்போதே சொன்னேன் என்று கத்தலாம். நம்புவார்கள். சித்திக் வாயைத் திறக்க மாட்டான், எனக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை அவனுக்கு. யாருக்கும் பழக்கமில்லை. பழக்கவில்லை நான். வாயைத் திறந்தேன். "லைட்டு..." என்றேன். சித்திக் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்ததைப் பார்த்ததும் மேலே வரவில்லை. "லைட்டு சரியாத்தான் இருக்கு" என்றேன். "எனக்குக் கண்ணு போச்சு." யாரோ தம்பூராப் பெட்டியை அணைத்தார்கள். அதுவரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே தெரியவில்லை.

அப்புறம் சாயக்காரம்மா ஞாபகம் வந்தது. இராயபுரத்தில் அவள் வீட்டு மொட்டை மாடி, மூன்று அண்டா, விறகுப் புகை. இருபத்திரண்டு வருஷமாக எனக்குச் சாயம் போடுகிறாள், தைக்கிறாள், மேடைக்குப் பின்னால் ஊக்கு குத்துகிறாள். சாயக்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவது, நான் அதுவும் கூப்பிட்டதில்லை, இந்தாம்மா என்பேன். இந்தச் சேலைக்குச் சாயம் போட்ட அன்றைக்கு முதல் அண்டாவிலிருந்து துணியைத் தூக்கிக் காட்டினாள். "ஐயா, அரக்கு. பாரு எப்டி வந்துருக்குதுன்னு." பார்த்தேன். செங்கல். சுட்ட செங்கல். "என்னம்மா செங்கல் சூளை வச்சிருக்கியா? நீலம் போடு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அந்தத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்த அண்டாவுக்குப் போனாள். போட்டாள். ஒரு கரண்டி. இன்னும் என்றேன். ஒரு கரண்டி. நாலு தடவை. நாலாவது தடவை அண்டாவிலிருந்து எடுத்து நீர் சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு, "ஐயா, கத்திரிப்பூ ஆயிடுச்சு ஐயா" என்றாள். உன் கண்ணை ஆஸ்பத்திரில காட்டு என்றேன். சொன்னேன். அப்படியே சொன்னேன், வார்த்தை மாறாமல். மூன்று வாரத்துக்கு முன்னால் திரையில் துண்டு குத்தினபோதும் அவள்தான் ஏழாவது வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். "ஒட்டிக்கினு கீதே ஐயா" என்றாள். எழுந்து போ என்றேன். போனாள். அவள் போன பிறகு கண்ணைப் பாதி மூடி நிம்மதியாகப் பார்த்தேன், என் அரக்கை.

இப்போது அவள் பக்கத் திரைக்கு அந்தப்பக்கம் நிற்கிறாள் என்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து, செய்தித்தாளில் சுற்றின பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். குமுதவல்லியிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள். பிரித்தாள். செங்கல். அதே செங்கல். விசிறி தைத்து, இடுப்புப் பட்டை வைத்து, கரை போட்டு, கொக்கி வரைக்கும் தைத்திருந்தாள். "மொத அண்டா துணி ஐயா. நீதான் வேணாம்னுட்டியே. சும்மா கெடந்துச்சு, அளவுதான் இருக்குதேன்னு தெச்சுட்டேன்" என்றாள். சும்மா கிடந்த துணிக்கு யாராவது விசிறி தைப்பார்களா. இரண்டு நாள் வேலை அது. "ஏன் சொல்லலை?" என்றேன். முட்டாள்தனமான கேள்வி. "ரெண்டு தபா சொன்னேன்" என்றாள், அதுவும் நீரஜாவின் இடுப்புக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு. கையில் வாங்கினேன். துணி நல்ல துணி. கனம் சரி. விரலுக்கு எல்லாம் சரி. கண்ணுக்குச் செங்கல். "எனக்கு இது செங்கலாத்தாம்மா தெரியுது" என்றேன், மெதுவாக, அவளுக்கு மட்டும். "ஒனக்கு அப்டித்தான் தெரியும். குடு" என்று பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. "ஏ பொண்ணே, வா, மூச்ச இழு" என்று நீரஜாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

ஏழாவது வரிசைக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது. நிலா வந்தது, கடல் வந்தது, மிருதங்கம் வந்தது. நீரஜா வந்தாள். கண்ணைப் பாதி மூடினேன், பழக்கதோஷம். மண். பாசிக் கல்லுக்கு முன்னால் மண். அசைகிறது, அவ்வளவுதான். ஐயோ என்று இருந்தது. இதைப் போட்டா ஆறரைக்குத் திரை தூக்கப்போகிறார்கள். எழுந்து நிறுத்து என்று சொல்ல வாய் வந்தது, வழக்கமான வாய், நாற்பத்தாறு வருஷ வாய். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணை முழுக்க மூடினேன். மூடினபிறகுதான் கேட்டது. ஒன்றுமே கேட்கவில்லை என்பது கேட்டது. சிரித்தவர்கள் சிரிக்கவில்லை. பின்வரிசையில் சாப்பாட்டு டப்பா திறந்துகொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. பாட்டுக்காரி எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கவில்லை, ஒரு தாளம் தள்ளி எடுத்தாள். குமுதவல்லி திட்டவில்லை. திட்டாதது மட்டுமில்லை, தாளம் தட்டுகிற தட்டுக்கழியை அடிக்க மறந்துவிட்டாள். மேலேயிருந்து சித்திக், "அம்மாடி" என்றான். மைக்கில்லாமல், தனக்குத்தானே. அப்படியென்றால் கங்கு அங்கே இருக்கிறது. நான் யோசித்த கங்கு. எல்லாருக்கும் தெரிகிறது, என்னைத் தவிர. கண்ணைத் திறந்தேன். மண்தான். மறுபடி மூடிக்கொண்டேன். பத்தொன்பது நிமிஷமும் மூடிக்கொண்டே பார்த்தேன். நீரஜா படகைத் தேடினாள், தேடித் தேடி நின்றாள், சலங்கை மட்டும் கேட்டது. எதற்கோ கண்ணில் நீர் வந்தது, புரை பிடித்த கண்ணுக்கு அதுவாவது ஒழுங்காக வருகிறது. குமுதவல்லி வந்து தோளைத் தொட்டு, "சார், அதுதான்" என்றாள். நாளைக்கு ஆஸ்பத்திரி. மகளை வரச் சொல்ல வேண்டும். எடுக்கட்டும். பதினெட்டு நாடகமும் தெரியட்டும்.

ஆறு பத்துக்கு அறிவிப்புச் செய்கிற பெண் காகிதத்தோடு வந்தாள். பெயர் உச்சரிப்புச் சரிபார்க்கிறாளாம். "அரங்கமும் ஆடையும், கனகசபை. சரிதானே சார்? 'நீலத்தின் மன்னர்'னு ஒரு வரி சேர்த்திருக்கேன்" என்றாள். கொடு என்றேன். பேனாவும் கொடு என்றேன். மன்னரை அடித்தேன். காகிதம் கிழிந்தது. ஆடையை அடித்து அரங்கத்தை மட்டும் விட்டேன், கடல்திரை என்னுடைய தப்புதான், நீலமோ கறுப்போ அது என் தலையில் இருக்கட்டும். கீழே எழுத வேண்டும். எழுத வேண்டிய பெயர் சட்டென்று வரவில்லை. தெரியாமல் இல்லை, இராயபுரத்து மாடிப்படிச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே செருகின ரேஷன் அட்டையில் பார்த்திருக்கிறேன், வாயால் சொன்னதில்லை, அதுதான். பக்கத் திரையை விலக்கிப் பார்த்தேன். நீரஜாவின் முதுகுப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, வாயில் நாலு ஊக்கு கவ்விக்கொண்டு, மடிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். "என்ன ஐயா?" என்றாள் ஊக்குக்கு நடுவில். ஒன்றுமில்லை என்றேன். திரையை விட்டேன். அறிவிப்புக்காரி அவசரப்பட்டாள். "யார் சார் ஆடை? நேரமாச்சு, பேரைச் சொல்லுங்க, நானே எழுதிக்கறேன்." சொன்னேன். ஆடை, லூர்தம்மாள்.